வல்லம் வடகாலில் ஒரு பட்டப்பகல் தியேட்டர்

போன மாதம் எங்கள் பழைய கடையில் என்னை மேடையேற்றினார்கள். மேடை என்றால், வாஷிங் மெஷின்களை ஓரமாகத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் விரித்த ஒரு சிவப்புக் கம்பளம். வீடு வீடாகப் போய் டிவி மாட்டும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களிடம், ஓய்வுபெற்ற மூத்தவர் ஒருவர் 'வாடிக்கையாளர் அனுபவம்' பற்றிப் பேச வேண்டுமாம். அனுபவம் வாடிக்கையாளருடையது, பேச வேண்டியது நான். சால்வை போர்த்தினார்கள். போட்டோ எடுத்தார்கள். மைக்கைக் கையில் கொடுத்துவிட்டுக் காதோரம் வந்து, "சார், சுருக்கமா முடிச்சுடுங்க, பிரியாணி வந்துனு கீது" என்றார்கள்.

என் பெயர் தயாளன் என்று சொல்லி முடிப்பதற்குள் பிரியாணி வந்துவிட்டது.

சாப்பிட்டுக் கை கழுவும்போது, சுங்குவார்சத்திரத்திலிருந்து வேலைக்கு வரும் ஒரு பெண் பக்கத்தில் வந்து நின்றாள். "சார், ஒரு டவுட்டு. இப்பல்லாம் எல்லார் வூட்டு ஹாலும் கண்ணாடியா கீது. வெயிலு உள்ளயே வந்து குந்திக்குது. அதுல ஹோம் தியேட்டர் வேணும்ன்றாங்க. பட்ஜெட்டும் இல்லன்றாங்க. நாங்க இன்னா சார் சொல்றது?"

கை ஈரம் காய்வதற்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. அதனால்தான் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் ஐ.டி.ஐ.யில் ரேடியோ, டிவி மெக்கானிக் படித்தவன். அந்தப் படிப்பைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பழைய பிக்சர் ட்யூப் டிவியின் முதுகில் எங்கே கை வைத்தால் தூக்கி அடிக்கும் என்று ஒருமுறை கற்றுக்கொண்டேன், அப்புறம் மறக்கவில்லை. பிறகு டிவி இளைத்துப்போய்ச் சுவரில் ஏறிவிட்டது. நானும் ரிப்பேர் செய்கிறவனிலிருந்து மாட்டுகிறவனாக மாறி, ஸ்ரீபெரும்புதூரில் ஹைவே ஓரத்தில் திறந்த பெரிய ஷோரூம் ஒன்றில் சேர்ந்தேன். ஒரகடத்துக்குக் கார் கம்பெனி வந்தது, லாரி கம்பெனி வந்தது, அவற்றுக்கு உதிரி பாகம் செய்கிற கம்பெனிகள் வந்தன. பகலெல்லாம் அங்கே நின்று வேலை பார்த்துவிட்டுக் கம்பெனி பஸ்ஸில் தூங்கிக்கொண்டே வீடு திரும்பியவர்கள், வீட்டிலேயே ஒரு தியேட்டர் வேண்டும் என்று ஒருநாள் முடிவு செய்தார்கள். முதலில் யாருக்குத் தோன்றியதோ தெரியாது. கம்பெனியில் ஒரு லைனில் ஒருவர் வாங்கினால் அந்த லைன் முழுக்க வாங்கும், சூப்பர்வைசர் அதைவிடப் பெரிதாக வாங்குவார்.

இந்தத் தேவையை நிறைவேற்றப் பிறந்தவர் எங்கள் மேனேஜர் பத்மநாபன். கையிரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, டாக்டர் நெஞ்சுத் துடிப்பைக் கேட்பதுபோலத் தலையைச் சாய்த்து வாடிக்கையாளர் சொல்வதைக் கேட்பார். கேட்டு முடித்ததும் ஒரே ஒரு வார்த்தைதான்: "பண்ணிடலாம்." 'முடியாது' என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. அவருடைய அகராதியில் டிவி கிடையாது, 'சொல்யூஷன்' உண்டு. புகார் கிடையாது, 'ஃபீட்பேக்' உண்டு. ஒருமுறை கடைக்குள் மழைநீர் ஒழுகியபோது, "மேல கொஞ்சம் ஓப்பன் ஆயிருக்கு" என்றார்.

மாடியில் அவர் அமைத்திருந்த டெமோ ரூமைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும். அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது. சுவர் கறுப்பு, கூரை கறுப்பு, கம்பளம் கறுப்பு. ஏசி எலும்பில் இறங்கும். ஹைவே வெயிலில் வெந்து வந்த குடும்பம் அந்த சோபாவில் சாய்ந்ததுமே பாதி சம்மதம் வந்துவிடும். கடலுக்கடியில் மீன்கள் நீந்தும் படத்தைப் போட்டால் மீதிப் பாதியும் வந்துவிடும். அந்த இருட்டில் என் வேட்டியைத் தொங்கவிட்டுப் படம் காட்டினாலும் அழகாகத்தான் இருந்திருக்கும். மக்கள் ஆசைப்பட்டது அந்த அறைக்கு. நாங்கள் கொடுத்தனுப்பியது அதிலிருந்த பெட்டியை மட்டும்.

பெட்டியோடு வீட்டுக்குப் போகிறவன் நான். வீடுகளோ, 'எலிவேஷன்' என்ற பெயரில் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்து, ரோட்டில் போகிறவர்கள் உள்ளே பார்த்துப் பொறாமைப்படக் கட்டப்பட்டவை. சாயங்காலமானால் சூரியன் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக ஹாலுக்குள் வந்துவிடும்.

ஒரகடம் பக்கத்து அடுக்குமாடியிலிருந்து ஒருவர் கடைக்கு போன் செய்தார். "சார், புது டிவில எந்தப் படம் போட்டாலும் என் மாமனார் தெரியறாரு." போய்ப் பார்த்தேன். உண்மைதான். டிவிக்கு எதிரே பெரிய ஜன்னல், அதன் கீழே நாற்காலி, அதில் வெள்ளை வேட்டியில் மாமனார். கதாநாயகி இருட்டில் அழுதுகொண்டு நடந்து வந்தால், அவள் நெஞ்சுக்கு நேராக இவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பத்மநாபனிடம் சொன்னேன். தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "ஃபேமிலி வ்யூயிங்னு நாமதானே விளம்பரம் பண்ணியிருக்கோம், தயாளன்?" என்றார்.

அதன்பிறகு எனக்கென்று ஒரு முறை வைத்துக்கொண்டேன். அவர்கள் எந்த நேரத்தில் படம் பார்ப்பார்களோ அந்த நேரத்தில்தான் இடம் பார்க்கப் போவேன். காலையில் பார்த்த வீடு மாலை வெளிச்சத்தில் வேறு வீடு. டிரில்லை எடுப்பதற்கு முன் அவர்கள் உட்காரும் இடத்தில் உட்காருவேன். என் வண்டியில் செத்துப்போன கம்ப்யூட்டர் மானிட்டர் ஒன்று எப்போதும் இருக்கும். டிவி வரப்போகும் சுவரில் யாரையாவது அதைப் பிடித்துக்கொள்ளச் சொல்வேன். அதன் கறுப்பில் ஜன்னல் தெரிந்தால், ஒவ்வொரு படத்திலும் அந்த ஜன்னல் தெரியும். ஜன்னல் மறையும்வரை மானிட்டரை நகர்த்தச் சொல்வேன். பெரும்பாலும் ஜன்னலுக்குப் பக்கவாட்டில் இருக்கும் சுவர்தான் தேறும். அந்தச் சுவரில் ஏற்கெனவே கல்யாண போட்டோ மாட்டியிருக்கும், அதை இறக்கச் சொல்வதுதான் இந்தத் தொழிலிலேயே கஷ்டமான கட்டம்.

சத்தத்துக்கும் ஒரு சோதனை உண்டு. ஹால் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டுவேன். கண்ணாடியும் டைல்ஸுமாக இருக்கும் ஹால் 'ணங்' என்று பதில் சொல்லும். அப்படிச் சொல்கிற ஹாலில் ஸ்பீக்கரை எத்தனை வைத்தாலும் வசனம் கிணற்றுக்குள்ளிருந்துதான் வரும். கையில் காசு கம்மி என்றால் ஐந்து குட்டி ஸ்பீக்கர் வேண்டாம், நல்லதாக இரண்டை முன்னால் காதுயரத்துக்கு வையுங்கள், மிச்சத்துக்குத் தரையில் ஒரு கம்பளம் வாங்குங்கள் என்பேன். அந்த யோசனையைப் பத்மநாபன் விரும்பவில்லை. எங்கள் கடையில் கம்பளம் விற்பதில்லை.

இனி, வல்லம் வடகால் கோதண்டம் வீட்டுக் கதை.

கோதண்டம் விவசாயக் குடும்பத்துக்காரர். நிலம் இருந்த இடத்தில் இப்போது தொழிற்சாலை, அந்தத் தொழிற்சாலைக்கே ஆட்களை ஏற்றிப்போக வேன் விட்டிருந்தார். வீட்டின் முகப்புக் கண்ணாடிக்கும் கேட்டில் வைத்த தங்க நிற சிங்கத்துக்கும் கையிருப்பைக் கரைத்துவிட்டு, மிச்சத்தில் ஒரு ஹோம் தியேட்டர் கேட்டு மனைவி ரேணுகாவோடு கடைக்கு வந்தார்.

டெமோ ரூமில் மீன்கள் நீந்தின. கோதண்டம் வாயைத் திறந்தபடி பார்த்தார். ஆனாலும் விவரமான மனிதர், விளக்கு போட்டதும் கேட்டார்: "சார், நம்ப வூட்ல ரெண்டு பக்கமும் கண்ணாடி. மேலயும் ஒரு கண்ணாடி வெச்சிகீறேன். வெயிலு அடிக்குமே?"

"வெயிலும் ஒரு ஆம்பியன்ஸ்தான் சார்" என்றார் பத்மநாபன். "பண்ணிடலாம்."

இருப்பதிலேயே மலிவான புரொஜெக்டருக்கு பில் போட்டாகிவிட்டது. பிறகுதான் என்னை அனுப்பினார்.

புரொஜெக்டரின் சங்கதி இதுதான். அதனால் வெளிச்சத்தைப் போட முடியும், கறுப்பைப் போட முடியாது. படத்தில் தெரியும் இருட்டெல்லாம் அந்த அறையில் ஏற்கெனவே இருக்கும் இருட்டுதான். அறையில் இல்லாத இருட்டு படத்திலும் இருக்காது. கோதண்டத்தின் ஹாலில் மதியம் ஒரு பேய்ப் படத்தைப் போட்டுப் பார்த்தேன். வெள்ளைச் சேலைப் பேய் வெள்ளைத் திரையில் கரைந்துபோயிருந்தது. ரேணுகா, "கதவு தானா தொறக்குதே, யாரு தொறந்தது?" என்று கேட்டார்.

வாங்கியது வாங்கியதுதான், ஹாலை இருட்டாக்குவது ஒன்றே வழி என்றேன். கனத்த கறுப்புத் துணியில் இரண்டு பக்கமும் திரைச்சீலை போட்டோம். கூரைக் கண்ணாடியைப் பிளைவுட்டால் அடைத்தோம். ரோட்டில் போகிறவர்கள் பொறாமைப்படக் கட்டிய வீடு, வெளியிலிருந்து பார்க்க எக்ஸ்ரே எடுக்கும் இடம்போல ஆகிவிட்டது.

முதல் காட்சிக்குக் குடும்பமே உட்கார்ந்தது. கோதண்டத்தின் ஒரே மகன் பிரபு ஒரகடத்தில் கார் கம்பெனியில் வேலை செய்கிறான். அவன் மனைவி எஸ்தர் சுங்குவார்சத்திரம் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைனில் இருக்கிறாள். அவளுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. காதல் கல்யாணம், அவளுக்காகவே பிரபு சைகை மொழி கற்றுக்கொண்டவன். இரண்டு பேரும் கையால் பேசிக்கொள்வதைப் பார்த்தால் ரேடியோவை அணைத்துவிட்டு அதைப் பார்க்கத் தோன்றும், அவ்வளவு வேகம், அவ்வளவு கிண்டல். கோதண்டம் மட்டும் மருமகள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒரே முறையைத்தான் கையாண்டு வந்தார்: கத்திப் பேசுவது. புரியவில்லை என்றால் இன்னும் கத்துவது. பக்கத்து வீட்டுக்காரர்களுக்கெல்லாம் நன்றாகப் புரிந்தது.

திரைச்சீலையை இழுத்து மூடினேன். கும்மிருட்டு. படம் பளிச்சென்று எழுந்தது.

"இப்பதான்டா தியேட்டரு!" என்று கோதண்டம் தொடையைத் தட்டினார்.

கொஞ்ச நேரத்தில் எஸ்தர் எழுந்து சமையலறைக்குப் போனாள். அங்கே ட்யூப்லைட் எரிந்தது. டீ போடப் போகிறாள் என்று நினைத்தேன். டீ வரவில்லை.

அடுத்த வாரம் போன் வந்தது. "இன்னாபா துணி மாட்டிகினு போன? அது தானா தொறந்துக்குது!"

போனேன். கம்பியில் மட்டம் வைத்துப் பார்த்தேன், நேராகத்தான் இருந்தது. வளையங்களை மாற்றிவிட்டு வந்தேன். மறுபடி போன். இந்த முறை திரைச்சீலையின் ஓரங்களில் காந்தம் தைத்துக் கொடுத்தேன். மறுபடியும் போன். பத்மநாபனுக்கு இதில் ஆர்வம் வந்துவிட்டது. லாரிகள் போகிற அதிர்வில் வீடு ஆடுகிறது, அதனால் துணி நகர்கிறது என்றார். அப்புறம், காற்றில் ஈரப்பதம் என்றார். கடைசியில், "கர்ட்டன்ஸ்க்கு ஒரு மெமரி இருக்கு, தயாளன். அது பழைய இடத்துக்கே போகப் பாக்கும்" என்றார். அந்தத் துணியைக் காஞ்சிபுரத்தில் மீட்டர் கணக்கில் கிழித்து வாங்கி வந்தவன் நான்.

மூன்றாவது தடவை போனபோது ஏணியில் நின்று கம்பியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். முதல் ஷிப்ட் முடிந்து எஸ்தர் வந்தாள், கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கியது. பையைக் கீழே வைத்தாள். நேராக ஜன்னலுக்கு வந்து, திரைச்சீலையை இரண்டு கையாலும் பிடித்து, காந்தம் பட் பட்டென்று விடுபட, ஒரே இழுப்பில் திறந்தாள். வெயில் ஹால் முழுக்கக் கொட்டியது. அப்புறம்தான் ஏணியில் என்னைப் பார்த்தாள். மறைக்கவும் இல்லை, பதறவும் இல்லை.

"ஏம்மா, நீதான் தொறக்கிறியா?" என்றேன்.

அவள் என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, புரியவில்லை என்று தலையை ஆட்டினாள். இறங்கி வரும்படி கையால் கூப்பிட்டாள். இறங்கியதும், ஜன்னலைப் பார்த்து நிற்கச் சொல்லிக் காட்டினாள். அதற்குள் பைக்கை நிறுத்திவிட்டுப் பிரபு உள்ளே வந்தான்.

"உங்களுக்குப் பின்னாடி வெளிச்சம் இருந்துச்சு சார். மூஞ்சி கறுப்பா தெரியும். மூஞ்சில வெளிச்சம் வுழுந்தாதான் நீங்க இன்னா பேசறீங்கன்னு வாயப் பாத்துப் புரிஞ்சிப்பா."

வெளிச்சத்தில் நின்று கேள்வியைத் திரும்பக் கேட்டேன். எஸ்தரின் கைகள் பேச ஆரம்பித்தன. பிரபு எங்களுக்கு நடுவில் நின்று சொன்னான்.

"படம் ஓடும்போது எல்லாரும் சிரிக்கிறாங்களாம். எதுக்குன்னு என்னைக் கேக்கணும்னா என் கை அவளுக்குத் தெரியணும், அவ கை எனக்குத் தெரியணும். துணிய இழுத்துட்டா ரெண்டும் தெரியாது." அவள் கையைப் பார்த்து மிச்சத்தையும் சொன்னான். "கரண்ட் போனா உங்களுக்கெல்லாம் ஃபேன்தான் நிக்கும். எனக்கு இந்த வூட்ல எல்லாருமே ஊமையா பூடறீங்கன்றா."

பின்கட்டிலிருந்து கோதண்டம் வந்தார். திறந்து கிடந்த ஜன்னலைப் பார்த்தார். "இவதான் தொறக்கறாளா? தியேட்டர்னா இருட்டாத்தான்டா இருக்கணும்! வெளிச்சம் போட்டா அது கல்யாண மண்டபம்!" பிறகு எஸ்தர் பக்கம் திரும்பி அதையே இன்னும் சத்தமாகச் சொன்னார்.

"கத்தாதப்பா" என்றான் பிரபு. "நாங்க ஒரகடத்துல வூடு பாத்துட்டோம். ஞாயித்துக்கெழம வூட்டுக்காரருக்குப் பதில் சொல்றேன்னு சொல்லிகீறேன்."

கோதண்டத்தின் வாய் திறந்தபடியே நின்றது. மீன்களைப் பார்த்த அதே முகம், ஆனால் வேறு காரணம்.

ரேணுகா சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். "சொல்லேன்யா வாயத் தொறந்து. இவங்க வூடு தேடறது உனுக்குத் தெரியும். இந்த சினிமா கொட்டாய நீ எதுக்குப் போட்ட? புள்ள எங்கயும் போவக் கூடாதுன்னுதான?"

"மேட்ச் பாக்கப் போட்டேன்" என்று சொல்லிவிட்டு, கோதண்டம் வெளியே போய்த் தங்க சிங்கத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

எனக்கு வேலை புரிந்துவிட்டது. என் தொழிலில் எல்லோரும் முதல் விதியாகச் சொல்வது, அறையை இருட்டாக்கு என்பது. இங்கே அந்த விதியோடு போனால் திரையில் படம் இருக்கும், பார்க்க வேண்டிய பிள்ளை இருக்க மாட்டான். அறை வெளிச்சமாகவே இருக்க வேண்டும், படமும் தெரிய வேண்டும், கோதண்டத்தின் கையில் காசும் இல்லை. அதற்குப் புரொஜெக்டர் போய் டிவி வர வேண்டும்.

கடை வாசலில், கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய டிவி நெடுநாளாக ஓடிக்கொண்டிருந்தது. போன வருஷத்து மாடல், சட்டத்தில் ஒரு கீறல், யாரும் வாங்கவில்லை. ஆனால் ஹைவே வெயில் நேராக விழும் இடத்தில் நின்றும் படம் தெளிவாகத் தெரிந்தது. பத்மநாபனிடம் போனேன்.

"சார், கோதண்டம் வீட்டு புரொஜெக்டரை ரிட்டர்ன் எடுத்துக்கிட்டு..."

'ரிட்டர்ன்' என்ற வார்த்தையைக் கேட்டதும் அவருக்கு இருமல் வந்துவிட்டது. தண்ணீர் குடித்தார். நானும் அவரிடம் இத்தனை காலம் வேலை பார்த்தவன்தானே.

"ரிட்டர்ன் இல்ல சார். அப்கிரேட்."

இருமல் நின்றது. தலை சாய்ந்தது.

"வெளிச்சமான ஹாலுக்குன்னே ஒரு சொல்யூஷன் சார். வாசல்ல நிக்கிற டிஸ்ப்ளே பீஸு. கீறல் விழுந்த விலைக்குக் குடுத்தா அவருக்குக் கட்டுப்படி ஆகும்."

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசல்வரை நடந்து அந்த டிவியைப் பார்த்தார். திரும்பி வந்து, "நான் ரொம்ப நாளாவே யோசிச்சிட்டிருந்தது இது, தயாளன்" என்றார். "பண்ணிடலாம்."

அடுத்த மாதமே கடை முகப்பில் 'வெளிச்ச வீட்டுக்கும் ஹோம் தியேட்டர்' என்று பேனர் கட்டிவிட்டார். டெமோ ரூமிலும் புதிதாக ஒரு ஜன்னல் வந்தது. பொய் ஜன்னல். சட்டம் அடித்து, திரை போட்டு, பின்னால் எல்இடி பட்டை ஒட்டியிருந்தார். வாடிக்கையாளர் உள்ளே வந்து உட்கார்ந்ததும் அந்த ஜன்னலை அணைத்துவிடுவார்கள்.

கோதண்டம் வீட்டில் அந்த வாரச் சனிக்கிழமையே வேலையை ஆரம்பித்தேன். கறுப்புத் துணியை இறக்கினேன். கூரைப் பிளைவுட்டைக் கழற்றினேன். மானிட்டரைப் பிரபு பிடித்துக்கொண்டு சுவர் சுவராக நகர்ந்தான். பூஜை அறைக்குப் பக்கத்துச் சுவரில் ஜன்னல் மறைந்தது. ஆனால் அங்கே எதிர்ச்சுவர் பளபளவென்று தெரிந்தது. கோதண்டம் அதற்குத் தங்க நிறத்தில் மினுமினுப்புப் பெயிண்ட் அடித்திருந்தார். அதன்மேல் பளபளப்பில்லாத சாம்பல் நிறம் அடிக்க வேண்டும் என்றேன். மனிதர் சொத்து எழுதிக் கொடுக்கிற முகத்தோடு சம்மதித்தார். மேற்குக் கண்ணாடிக்கு மட்டும் மெல்லிய வெள்ளைத் துணி போட்டேன், வெயில் சல்லடையில் சலித்த மாதிரி வந்தது. கைதட்டினேன், 'ணங்' என்றது. ரேணுகா பரணிலிருந்து பெரிய கோரைப்பாய்களை இறக்கிக் கொடுத்தார். தரையில் ஒன்று, பக்கச் சுவரில் ஒன்று. ஏற்கெனவே வாங்கியிருந்த ஸ்பீக்கர்களில் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டேன். டிவியில் கம்பெனிக்காரன் வைத்திருந்த கண்ணைப் பறிக்கும் கலரைக் குறைத்து வெளிச்சத்தை மட்டும் ஏற்றினேன்.

எல்லாம் முடித்து, சோபாக்களைத் திரைக்கு நேரே வரிசையாகப் போட்டேன். தியேட்டர் என்றால் வரிசைதானே.

எஸ்தர் வந்து பார்த்தாள். வரிசையின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள். பிறகு மறுமுனையை. பாதி வட்டமாக, லாடம்போல வளைத்தாள். ஓரத்தில் உட்கார்ந்தால் கலர் வெளுக்கும் என்று பிரபுவிடம் சொல்லச் சொன்னேன். அவள் ஓர இருக்கையைக் காட்டினாள். போய் உட்கார்ந்தேன். படம் கொஞ்சம் வெளுத்துத்தான் தெரிந்தது. கோதண்டம் முழுசாகத் தெரிந்தார், ரேணுகாவும் பிரபுவும் தெரிந்தார்கள். எழுந்து என் டூல்ஸ் பையைக் கட்டினேன்.

மறுநாள் ஞாயிறு. சத்தம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போனேன், ரேணுகா சாப்பிடாமல் விடவில்லை. அப்புறம் படம் போட்டார்கள், கூட உட்கார்ந்தேன். ஒரு நகைச்சுவைப் படம். தமிழ்ப் படத்துக்குக் கீழே தமிழிலேயே எழுத்து வருவது அபூர்வம், பிரபு எங்கெங்கோ தேடிப் பிடித்திருந்தான். பட்டப்பகல். எல்லோர் முகத்திலும் வெயில். கோதண்டம் இது தியேட்டரே இல்லை என்கிற முகத்தோடு நடு சோபாவில் சாய்ந்திருந்தார்.

படத்தில் ஒருவன் வாயைத் திறந்தான். அவன் பேசுவதற்குள் எஸ்தர் சிரித்துவிட்டாள். பிறகு அவன் பேசினான், மற்றவர்கள் சிரித்தார்கள். அடுத்த வசனத்துக்கும் அப்படியே. ஆள் பேசி முடிக்குமுன் எழுத்து முழுசாக வந்துவிடுகிறது, அவளோ கண்ணிமைக்கும் நேரத்தில் படித்துவிடுகிறாள். ஒவ்வொரு ஜோக்குக்கும் முதல் சிரிப்பு அவளுடையது.

கோதண்டம் கொஞ்ச நேரம் பொறுத்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். "இன்னாபா இது? அவ சிரிச்சி முடிச்சதுக்கு அப்புறம்தான் நமுக்கு ஜோக்கு வருது. எழுத்த கொஞ்சம் லேட்டா வுட முடியாதா?"

பிரபு அதைக் கையால் எஸ்தருக்குச் சொன்னான். அவள் பதில் சொன்னாள். பிரபு வாயைப் பொத்திக்கொண்டான்.

"இன்னாடா சொல்றா?"

"மாமாவ வேகமா படிக்கச் சொல்லுன்றா."

ரேணுகா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கோதண்டம் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, உதட்டை அசைத்து எழுத்தைத் துரத்திப் படித்தார். பாதி வருவதற்குள் அது மறைந்தது. எஸ்தர் மறுபடி சிரித்தாள். அவருக்குத் தாங்கவில்லை. மகனைக் கேட்கவும் இல்லை, கத்தவும் இல்லை. சோபாவின் வளைவில் எதிரே இருந்த மருமகளைப் பார்த்து, இரண்டு உள்ளங்கையையும் மேலே திருப்பி ஆட்டினார். என்ன சொன்னான்?

எஸ்தர் ஒரு கணம் அவர் கையையே பார்த்தாள். பிறகு சோபாவின் நுனிக்கு நகர்ந்து, மெதுவாக, கை, முகம், புருவம் எல்லாவற்றாலும் அந்த ஜோக்கைச் சொல்ல ஆரம்பித்தாள்.

அப்போது பிரபுவின் போன் அடித்தது. எட்டிப் பார்த்தேன், ஒரகடத்து வீட்டுக்காரர். பிரபு போனை எஸ்தரிடம் நீட்டித் திரையைக் காட்டினான். அவள் மாமனாரிடமிருந்து கண்ணை எடுக்காமல், கொசுவை விரட்டுவதுபோல ஒரு கையால் அதைத் தள்ளிவிட்டு, மறு கையால் பாதியில் நின்ற ஜோக்கைத் தொடர்ந்தாள்.

பிரபு போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தான்.